மருமகன், மைத்துனன், மாமான்: அருளிச்செயலில் கொண்டான் கொடுத்தான் உறவுச் சொற்கள்

அருளிச்செயலில் அரும்பதங்களுக்குப் பொருள் தேடுவோர் பலர்; எளிய பதங்களுக்குத் தேடுவோர் சிலரே. அரிய சொல் தன் அருமையாலேயே நம்மை நிறுத்திவிடுகிறது. அகராதியைப் புரட்டுகிறோம், வ்யாக்யானத்தை ஸேவிக்கிறோம், அறிந்தவரிடம் கேட்கிறோம். வீட்டில் நாள்தோறும் வழங்கும் சொல்லோ, தெரிந்ததுதானே என்ற எண்ணத்தில் நம் கையிலிருந்து நழுவிவிடுகிறது. மருமகன், மருமகள், மைத்துனன், மாமான் என்னும் உறவுச் சொற்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றை நம் காலத்து வழக்கைக் கொண்டு பொருள் கொள்ளும்போது பாசுரத்தின் கதையே மாறிவிடுவதும் உண்டு. கதை மாறாதபோது ரஸம் மாறிவிடுவதும் உண்டு. இதனை நான்கு இடங்களைக் கொண்டு விண்ணப்பிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் அடியேன் செய்த பிழையையே சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வயதில், பெரியாழ்வார் திருநக்ஷத்திரமான ஆனி ஸ்வாதியன்று, எங்கள் கோயில் கோஷ்டியில் பெரியாழ்வார் திருமொழி நான்காம் பத்து எட்டாம் திருமொழிக்கு அர்த்தம் சொல்ல எனக்கு நியமனமாயிற்று. அத்திருமொழி திருவரங்கத்தைப் பற்றியது. முதற் பாசுரம் ஸாந்தீபநியின் புத்திரனை மீட்டுக் கொடுத்ததைச் சொல்கிறது. இரண்டாவது, பிறந்தவுடன் மறைந்த வைதிகன் பிள்ளைகளை மீட்டதை. மூன்றாவது, மருமகனுடைய ஸந்ததியை உயிர்மீட்டதை. அந்த மூன்றாம் பாசுரத்தில் வரும் 'மருமகன்' என்பதற்கு, வடமொழி கற்ற மிடுக்கில், 'ஜாமாதா' என்று பர்யாயம் சொல்லி மேலே சென்றுவிட்டேன். கோஷ்டியில் எழுந்தருளியிருந்த என் தகப்பனார் ஒன்றும் சொல்லவில்லை. அகத்தில் தளிகை முடிந்து அமுது செய்கையில் கேட்டார்: "கண்ணனுக்குப் பெண் உண்டோ?"

ருக்மிணியின் பெண் சாருமதி என்றும், அவளைக் க்ருதவர்மாவின் பிள்ளை மணந்தான் என்றும் ஸ்ரீபாகவதம் தசமஸ்கந்தத்தில் இருப்பதைச் சொன்னேன்.

"அந்த மாப்பிள்ளையின் வம்சத்தையா மீட்டான்?"

விடையில்லை. மீட்கப்பட்டவன் பரீக்ஷித்து, அவன் அபிமந்யுவின் பிள்ளை, அபிமந்யு கண்ணனுடைய தங்கை ஸுபத்ரையின் பிள்ளை. மாப்பிள்ளை அல்லன், பாகிநேயன். தகப்பனார் அதோடு விடவில்லை. "உன் அத்தை உன்னை ஊராரிடம் என்ன முறை சொல்கிறாள்?" என்றார். 'என் மருமான்' என்றுதான் அத்தை சொல்வாள். அவ்வளவுதான். அகத்தில் அன்றாடம் காதில் விழுந்த சொல், க்ரந்தத்தில் கண்டபோது அடியேனுக்கு வேற்றுச் சொல்லாகிவிட்டது. ஐம்பது ஆண்டுகள் சென்றபின், அண்மையில் கேட்ட ஒரு ப்ரவசனத்தில் அதே பாசுரத்துக்கு 'மாப்பிள்ளை' என்றே பொருள் சொல்லப்பட்டபோது, அன்று அமுது செய்த இலையின்முன் பட்ட லஜ்ஜை மீண்டும் வந்தது. பிறரைக் குறை சொல்லும் உரிமை அடியேனுக்கு இல்லை. தெரிந்துகொண்டதைச் சொல்லும் கடமை உண்டு.

பிழைக்குக் காரணம் இரண்டு மொழிகளின் உறவுமுறைப் பாகுபாட்டில் இருக்கிறது. வடமொழி, பிறப்பால் வந்த உறவையும் விவாஹத்தால் வந்த உறவையும் தனித்தனிச் சொல்லால் வழங்கும். தாயுடன் பிறந்தவன் மாதுலன். மனைவியையோ கணவனையோ பெற்றவன் ச்வசுரன். ஸஹோதரியின் பிள்ளை பாகிநேயன். பெண்ணைக் கொண்டவன் ஜாமாதா. மனைவியின் உடன்பிறந்தான் ச்யாலன்; பிள்ளையின் மனைவி ஸ்நுஷை. கீதையின் முதல் அத்யாயத்தில் அர்ஜுநன் தன் எதிரே நிற்பவர்களை எண்ணுகையில் மாதுலர், ச்வசுரர், ச்யாலர், ஸம்பந்திகள் என்று வெவ்வேறாகவே எண்ணுகிறான். அங்கே 'ஸம்பந்தி' என்பது மற்றுமுள்ள உறவினரைப் பொதுவாகக் குறிக்கும். தமிழில் நாம் 'சம்பந்தி' என்று பெண்ணைப் பெற்றவரும் பிள்ளையைப் பெற்றவரும் ஒருவருக்கொருவர் ஆகும் முறையை மட்டும் சொல்கிறோம். அதே சப்தம், எல்லை வேறு.

தமிழ் பிரிக்கும் முறை வேறு. தகப்பனுடன் பிறந்த ஆண் சிறியதகப்பன், பெரியதகப்பன். அவன் மக்கள் அண்ணன், தம்பி, தமக்கை, தங்கை. தாயுடன் பிறந்த பெண் சிற்றன்னை, பெரியன்னை. அவள் மக்களும் அவ்வாறே. இது ஒரு பக்கம். தாயுடன் பிறந்த ஆண் மாமன். தகப்பனுடன் பிறந்த பெண் அத்தை. அவர்கள் பிள்ளைகள் மைத்துனர். இது மற்றொரு பக்கம், கொண்டான் கொடுத்தான் பக்கம். இப்பக்கத்துச் சொற்கள் யாவும் பிறப்புறவையும் மணவுறவையும் ஒருங்கே சொல்லும். மாமன் மாதுலனுமாவான், ச்வசுரனுமாவான். மருமகன் பாகிநேயனுமாவான், ஜாமாதாவுமாவான். மைத்துனன் மாமன் மகனுமாவான், அத்தை மகனுமாவான், மனைவியின் உடன்பிறந்தானுமாவான், உடன்பிறந்தாளைக் கொண்டவனுமாவான். சொல்வளம் குறைந்து ஒரு சொல்லையே பலவற்றுக்கும் வைத்தார்கள் என்று நினைக்கலாகாது. இவ்வுறவுகள் ஒன்றே என்பது தமிழ் வழக்கின் துணிபு.

நம் அகங்களில் மருமான், மருமாள் என்பவை உடன்பிறந்தார் மக்களுக்கும், மாப்பிள்ளை, மாட்டுப்பெண் என்பவை விவாஹத்தால் வந்தவர்க்கும் என்று பின்னாளில் பிரிந்தன. மற்றை வீடுகளில் பலவற்றில் மருமகன் என்றால் மாப்பிள்ளையே என்றாயிற்று. இரண்டும் பழைய சொல்லின் பாதிகளே. பாசுரத்தில் இருப்பது முழுச் சொல்.

மேற்சொன்ன பாசுரத்திலேயே இதற்குச் சான்றும் இருக்கிறது. பாண்டவர்களை ஆழ்வார் 'மைத்துனன்மார்' என்று பன்மையில் அருளிச்செய்கிறார். மைத்துனன் என்றால் உடன்பிறந்தாளைக் கொண்டவன் என்று மட்டும் பொருளானால், ஸுபத்ரையை மணந்த அர்ஜுநன் ஒருவனையே அது நேரே குறிக்கும். ஐவரும் மைத்துனராவது குந்தி வஸுதேவருடைய உடன்பிறந்தாள் என்பதனால். மாத்ரியின் மக்களும் குந்தியைத் தாயாகக் கொண்டே வளர்ந்தவர்கள். ஆகவே ஒரே பாசுரத்தில் மருமகன், மைத்துனன் என்ற இரு சொற்களும் பிறப்புறவு தோன்றவே நிற்கின்றன.

இரண்டாவது இடம் திருப்பாவை 18-ஆம் பாசுரம். உடையவர் திருவுள்ளத்துக்கு மிக உகந்ததென்று நாம் போற்றுவது. அதில் நப்பின்னைப் பிராட்டி நந்தகோபருக்கு மருமகளாகச் சொல்லி எழுப்பப்படுகிறாள். பிறந்தகத்தைச் சொல்லாமல் புக்கத்தைச் சொன்னதன் சுவையைப் பெரியோர் விரித்துரைப்பர். ஸுந்தரகாண்டத்தில் திருவடி 'நீ யார்' என்று கேட்க, பிராட்டி முதலில் தன்னைத் தசரதனுடைய ஸ்நுஷை என்றும், அதன் பின்னரே ஜநகனுடைய பெண் என்றும் சொல்லிக்கொண்டதை இதற்கு ஒப்புக் காட்டுவர். இந்நிர்வாஹம் மிக அழகியது. இதற்கு மேல் ஒன்று வேண்டியதில்லை.

ஆயினும் தமிழ்ச் சொல்லில் இன்னும் ஓர் ஒளி இருக்கிறது. நப்பின்னை கும்பருடைய திருமகள். கும்பர் யசோதைப் பிராட்டியின் உடன்பிறந்தவர் என்பது நம் ஸம்ப்ரதாயம். ஆகவே ஏறுகள் ஏழும் தழுவப்படுவதற்கு முன்பே, பிறந்த அன்றே, அவள் யசோதைக்கு மருமகள். யசோதையின் கணவரான நந்தகோபருக்கும் மருமகள். விவாஹம் இம்முறையைப் புதிதாக உண்டாக்கவில்லை. உள்ளதை ஊரறியச் செய்தது. வடமொழியில் அவளை 'ஸ்நுஷா' என்று பெயர்த்தால் விவாஹத்துக்குப் பிந்திய உறவு மட்டும் தோன்றும். மைதிலியின் விஷயத்தில் அச்சொல் முழுதும் பொருந்தும். அவள் மிதிலையிலிருந்து அயோத்திக்கு வந்தவள். நப்பின்னைக்கோ பிறந்தகமும் புக்ககமும் ஒரே உறவின் இரு வாசல்கள். அவ்விரண்டையும் 'மருமகள்' என்ற ஒரு சொல் திறக்கிறது. அவளை முன்னிட்டுக்கொண்டு புகுவோர் கதவைத் திறக்கச் சொல்லுமிடத்தில் இச்சொல் அமைந்தது எத்தனை பொருத்தம்!

மூன்றாவது இடம் திருப்பாவை 9-ஆம் பாசுரம். உள்ளே உறங்குகிறவளை ஆண்டாள் மாமான் மகளாக விளிக்கிறாள். அவள் தாயை மாமி என்கிறாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் திருமகளாய் வளர்ந்தவள், ஆய்ச்சியான பாவனையில் ஆயர்பாடிப் பெண்ணோடு தேஹஸம்பந்தமும் சொல்லிக்கொள்கிறாள். பாகவதர்களோடு ஆத்மஸம்பந்தமே அன்றித் தேஹஸம்பந்தமும் விரும்பத்தக்கது என்பது இங்கே நாம் கேட்டுவரும் அர்த்தம். ஆயினும், பல உறவுகள் இருக்க, மாமான் மகள் என்ற உறவை ஏன் எடுத்தாள்? தமக்கை என்றோ தங்கை என்றோ சொல்லியிருந்தால் தேஹஸம்பந்தம் இன்னும் நெருங்கியதாகாதோ?

இதற்கு விடை அப்பாசுரத்தின் பின்பகுதியில் இருக்கிறது. மாமியைப் பார்த்து, உன் பெண் வாய் பேசாதவளோ, காது கேளாதவளோ, சோம்பலோ, யாரேனும் மந்திரம் போட்டுவிட்டார்களோ என்று தோழியர் அடுக்கிக் கேட்கிறார்கள். ஒருத்தியின் தாயிடமே நின்று அவள் மகளை இப்படிப் பரிஹாஸம் செய்யும் உரிமை யாருக்கு உண்டு? தமக்கை தங்கையர்க்குள் இது சண்டையாக முடியும். அயலார் சொன்னால் அவமதிப்பாகும். மாமன் மகளும் அத்தை மகளும் ஒருவரையொருவர் கேலி செய்வது தமிழ் இல்லங்களில் என்றும் உள்ளது. அங்கே கேலி இல்லாவிட்டால்தான் மனஸ்தாபம் என்று பொருள். மாமியும் கோபிக்கவில்லை. ஆகவே 'மாமான் மகள்' என்ற விளி பின்னே வரும் பரிஹாஸத்துக்கு இடம் செய்து கொடுக்கும் விளி. சொல்லின் முறை தெரியாதவர்க்கு இந்தக் கேள்விகள் கடுமையாகப் படும். தெரிந்தவர்க்கு ப்ரீதியின் மிகுதியாகப் படும். ரஸம் மாறிவிடும் என்று தொடக்கத்தில் சொன்னது இதனைக் கருதியே.

நான்காவது இடம் நாச்சியார் திருமொழி ஆறாம் திருமொழி. கனாவில் கண்ட திருக்கல்யாணத்தில், கைத்தலம் பற்றும் ஆறாம் பாசுரத்தில், நாயகனை ஆண்டாள் 'மைத்துனன்' என்கிறாள். இன்றைய வழக்கில் மைத்துனன் என்றால் மனைவியின் உடன்பிறந்தான் அல்லது கணவனின் உடன்பிறந்தான். மணமகனே மைத்துனனாவது எப்படி என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். சிலர் இதற்கு 'மணமகன்' என்றே பொதுப்பட உரை சொல்லி விடுகிறார்கள். கேள்விக்கு விடை கிடைத்துவிடுகிறது, சொல் போய்விடுகிறது.

அத்திருமொழியை முழுவதும் ஒருங்கே நோக்கினால், உறவின் முறை பிசகாமல் ஒவ்வொருவர்க்கும் ஒரு காரியம் கொடுக்கப்பட்டிருப்பது விளங்கும். மூன்றாம் பாசுரத்தில் கோடி உடுத்தி மாலை சூட்டுகிறவள் அந்தரி, அதாவது துர்க்கை. யசோதையின் திருவயிற்றில் பிறந்த அவள் கண்ணனுக்குத் தங்கை முறையாதலால் மணமகளுக்கு நாத்தனார். நாத்தனார் செய்ய வேண்டியதைச் செய்கிறாள். ஒன்பதாம் பாசுரத்தில் பொரியிடுவதற்கு வருகிறவர்கள் மணமகளின் தமையன்மார். இன்றளவும் நம் திருமணங்களில் லாஜஹோமத்துக்குப் பெண்ணின் உடன்பிறந்தானே பொரி எடுத்துக் கொடுக்கிறான். இவர்களே மணமகனுக்கு ச்யாலர், இன்றைய பொருளில் மைத்துனர். ஆண்டாள் இவர்களை மைத்துனர் என்று சொல்லவில்லை. தன் நிலையில் நின்று தமையர் என்றே சொல்கிறாள். அப்படியே தன் நிலையில் நின்றே கண்ணனை மைத்துனன் என்கிறாள். ஆகவே அச்சொல் அவளுக்கும் அவனுக்கும் உள்ள நேர்முறையைச் சொல்வது. ஒரு பெண்ணுக்கு நேர்முறையில் மைத்துனன் மாமன் மகன் அல்லது அத்தை மகன், அதாவது முறைமாப்பிள்ளை. அயலான் ஒருவன் வந்து பெண் கேட்டுக் கைப்பிடிக்கவில்லை. உரியவன் வந்து உரியதைப் பற்றினான் என்பது கருத்து. திருப்பாவையில் ஆயர்பாடிக்குள் மாமான் வீட்டு முறையை ஏற்படுத்திக்கொண்டவள், நாச்சியார் திருமொழியில் அந்த முறையின் பலனை அனுபவிக்கிறாள்.

இவ்விடத்தில் ஓர் ஆசங்கை எழலாம். மாதுலன் மகளையோ அத்தை மகளையோ மணப்பது சாஸ்த்ரஸம்மதமோ? அதனைக் கொண்டு பாசுரத்துக்குப் பொருள் சொல்லலாமோ? போதாயந தர்மஸூத்ரம் இதனைத் தென்னாட்டாருக்கே உரிய ஆசாரங்களில் ஒன்றாக எண்ணுகிறது. குமாரிலபட்டர் தந்த்ரவார்த்திகத்தில் ஸதாசாரத்தை விசாரிக்குமிடத்தில், வாஸுதேவனும் அர்ஜுநனும் மாதுலன் மகளை மணந்தார்கள் என்ற ஆக்ஷேபத்தை எடுத்து ஸமாதானம் தேடுகிறார். பராசரமாதவீயமும் ஸ்ம்ருதிசந்த்ரிகையும் இவ்வழக்கத்தை ஆதரித்து வாதிக்கின்றன. ஸ்ரீபாகவதத்தில் ப்ரத்யும்நன் தன் மாதுலனான ருக்மியின் பெண்ணை மணக்கிறான். கண்ணனே அத்தை பெண்களான மித்ரவிந்தையையும் பத்ரையையும் மணக்கிறான். ருக்மிக்கு ப்ரத்யும்நன் முதலில் பாகிநேயன், பிறகு ஜாமாதா. வடமொழியில் இரண்டு சொல். தமிழில் அவன் முன்னும் மருமகன், பின்னும் மருமகன். இதனால் இக்காலத்தில் இவ்வழக்கத்தைத் தொடர வேண்டும் என்று அடியேன் சொல்லவில்லை. குடும்பங்கள் தத்தம் காரணங்களால் அதனைக் கைவிட்டு வருகின்றன. அது வேறு விஷயம். வழக்கம் போனாலும், அவ்வழக்கில் விளைந்த சொல்லின் பொருளை நாம் இழக்கலாகாது.

நம் பூர்வாசார்யர்களுடைய வரலாற்றைப் படிப்போர்க்கும் இது வேண்டும். உடையவரைச் சுற்றி நின்ற மூவரை எண்ணிப் பார்க்கலாம். பெரிய திருமலை நம்பி அவருடைய தாயார் காந்திமதியின் உடன்பிறந்தவர், மாமன். எம்பார் அத்தாயாருடைய தங்கையின் பிள்ளை. ஆகவே தம்பி முறை, மைத்துனன் அல்லர். முதலியாண்டான் உடன்பிறந்தாளின் பிள்ளை, மருமகன். த்ரிதண்டத்தைப் போல அவரையும் விடவில்லை என்று நாம் கொண்டாடும் அந்த மருமகனை, இன்றைய பொருளில் மாப்பிள்ளை என்று ஒரு குழந்தை நினைத்துக்கொண்டால், ஸந்ந்யாஸிக்கு மாப்பிள்ளை ஏது என்று அது கேட்கும். அப்படிக் கேட்கிற குழந்தைக்காவது நாம் நன்றி சொல்ல வேண்டும். கேளாமல் போகிற குழந்தையைப் பற்றித்தான் கவலை. அம்மாஞ்சி, அம்மங்கா, அத்தான், அத்தங்கா என்று நால்வகையாக நம் அகங்களில் வழங்கிய முறைகள் எல்லாம் 'கஸின்' என்ற ஒரு சொல்லில் அடங்கிவிட்டன. தம்பியும் கஸின், மைத்துனனும் கஸின். அச்சொல்லை மட்டும் கேட்டு வளர்ந்த காதுக்கு மாமான் மகள் என்ற விளியில் என்ன கேட்கும்?

கடைசியாக, இச்சொற்களால் ஸித்தாந்தத்துக்கு ஆவது என்ன என்பதையும் ஒருவாறு விண்ணப்பிக்கிறேன். இது வ்யாக்யாதாக்கள் அருளிச்செய்தது என்று சொல்லவில்லை. அவர்கள் காட்டிய வழியில் நடந்து பார்த்ததில் அடியேனுக்குத் தோன்றியது. பிள்ளைலோகாசார்யர் நவவித ஸம்பந்தத்தில் ஜீவனுக்கும் எம்பெருமானுக்கும் உள்ள ஒன்பது உறவுகளை அருளிச்செய்தார். அவற்றுள் பிதா புத்ர ஸம்பந்தம் பிறப்பைப் பற்றியது என்பது வெளிப்படை. பர்த்ரு பார்யா ஸம்பந்தமோ, உலகத்தில் பார்க்குமிடத்து, ஒரு நாளில் ஒரு முஹூர்த்தத்தில் உண்டாவது. அப்படியானால் அது வந்தேறியோ என்று ஐயம் எழும். வந்தேறி அன்று என்பதே ஸித்தாந்தம். ஒன்பதும் ஸ்வரூபத்திலேயே உள்ளவை, புதிதாக உண்டானவை அல்ல. தன்னோடு உள்ள உறவை அவனாலும் ஒழிக்க முடியாது, நம்மாலும் ஒழிக்க முடியாது என்று திருப்பாவை 28-ஆம் பாசுரத்தில் ஆண்டாள் துணிந்து சொல்வதும் இதுவே. அத்துணிவுக்குத் தக்க சொல்லைத் தமிழ் அவளுக்கு முன்பே எடுத்து வைத்திருந்தது. மணத்தால் வரும் உறவையும் பிறப்பால் வந்த உறவையும் ஒன்றாகவே சொல்லும் மொழியில், கைப்பிடித்தல் என்பது பழைய உறவு வெளிப்படுதல் அன்றிப் புதிய உறவு உண்டாதல் அன்று. நாதமுனிகள் பெரியாழ்வார் தனியனில் அவரை அரங்கனுக்கு 'ச்வசுரர்' என்று அருளிச்செய்தார். வடமொழியில் அதுவே உரிய சொல். அதனையே தமிழில் மாமனார் என்று சொல்லும்போது, பெண் கொடுத்தவர் என்பதோடு, கொடுப்பதற்கு முன்பே உறவானவர் என்பதும் உடன் கேட்கிறது.

ஆகவே பதவுரை எழுதுவோர்க்கும் உபந்யஸிப்போர்க்கும் ஒரு ப்ரார்த்தனை. மருமகன், மைத்துனன், மாமான் என்னும் சொற்கள் வருமிடத்தில் ஒற்றைச் சொல்லால் பர்யாயம் கூறி மேலே செல்ல வேண்டாம். யாருக்கு யார், யார் வழியாக என்று முறையை ஒரு வாக்கியத்தில் எடுத்துச் சொல்லுங்கள்: 'மருமகன், அதாவது தங்கை ஸுபத்ரையின் பிள்ளையான அபிமந்யு' என்றால் போதும். கேட்கிற பிள்ளைகளிடம், உங்கள் அத்தை உங்களை என்ன முறை சொல்கிறாள் என்று திருப்பிக் கேளுங்கள். அடியேனுக்கு அர்த்தம் விளங்கியது அந்தக் கேள்வியால்தான்.